விளையாட்டின் அட்டையில் உள்ள எண்

பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றிப் பெரியோர் கவலை கொள்வது புதிதன்று. கிட்டிப்புள் கண்ணைக் குத்திவிடும் என்றனர். தாயக்கட்டை சூதுக்கு வழிகாட்டும் என்றனர். போர்த்தேங்காய்க் காலத்திலே புத்தகத்தில் தூசி படியும் என்றனர். எனினும் அக்கவலைகட்கெல்லாம் ஓர் எல்லை இருந்தது. விளையாட்டு முற்றத்திலே நடந்தது. திண்ணையில் இருந்தவாறே பாட்டனார் அதனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளித்தட்டின் விதிகளைப் பேரன் அறிந்தது போலவே அவரும் அறிந்திருந்தார். சண்டை மூண்டால் நியாயம் கூறவும், பொழுது சாய்ந்தால் "போதும், வாருங்கள்" என்று அழைக்கவும் அவருக்கு இயன்றது.

இன்றோ பிள்ளை எமக்கு அருகிலேயே அமர்ந்திருக்கின்றது. கையிலே தொலைபேசி, கண் அதன் திரையிலே. அது எந்த உலகத்தில் உலவுகின்றது, யாருடன் பேசுகின்றது, எதனை வாங்குகின்றது என்பவை அருகில் இருக்கும் எமக்குத் தெரிவதில்லை. விளையாட்டின் விதிகளைத் தந்தையும் அறியார், தாயும் அறியார். ஆகவேதான், "இந்த வீடியோ விளையாட்டு என் பிள்ளைக்கு ஏற்றதா?" என்னும் வினா இக்காலத்துப் பெற்றோரைப் பெரிதும் வருத்துகின்றது.

இவ்வினாவிற்கு எளிதான விடைகள் இரண்டு உண்டு. "எல்லாம் கெட்டவை, தொலைபேசியைத் தொடாதே" என்பது ஒன்று. "பிள்ளை சத்தம் போடாமல் இருந்தாற் போதும்" என்பது மற்றொன்று. முன்னது கண்டிப்பைப் போலவும் பின்னது அன்பைப் போலவும் தோன்றினும், இரண்டும் ஒரே குறையுடையவை. இரண்டிலும் ஆராய்ந்து பார்த்தல் என்பது இல்லை. ஆராய விரும்பும் பெற்றோருக்குத் துணையாகச் சில செய்திகளை இவ்வாரம் கூற விழைகின்றோம்.

எண் பிறந்த கதை

விளையாட்டின் பெட்டியிலும், தொலைபேசியின் விளையாட்டுக் கடையிலும் 3, 7, 12, 16, 18 என்று ஓர் எண் காணப்படும். பெற்றோர் பலர் அதனைக் கவனிப்பதில்லை. கவனிப்போரிற் சிலரும், அது விளையாட்டின் கடினத்தைக் குறிப்பது என்றே எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. எந்த வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு இவ்விளையாட்டின் காட்சிகள் தகாதவை என்பதையே அவ்வெண் குறிக்கின்றது.

அதன் வரலாறு சுவையானது. 1992 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே "மோட்டல் கொம்பாட்" என்னும் சண்டை விளையாட்டு, காசு போட்டு ஆடும் இயந்திரங்களில் வெளிவந்தது. வென்றவன் தோற்றவனின் தலையைப் பிடுங்குவதும், இருதயத்தைப் பறித்தெடுப்பதும் அதிலே காட்டப்பட்டன. மறு ஆண்டு செப்டெம்பரில் அது வீட்டில் வைத்து ஆடும் இயந்திரங்களுக்கு வந்தபோது ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. நின்டெண்டோ கம்பனியின் இயந்திரத்துக்குரிய பதிப்பிலே குருதி நீக்கப்பட்டு, அதற்குப் பதிலாக வியர்வை தெறித்தது. சேகா கம்பனியின் இயந்திரத்திலோ பொத்தான்களை ஒரு குறித்த வரிசையில் அழுத்தினால் குருதி முழுவதும் வெளிப்பட்டது. ஒரே பெயர்; ஒரே கதை; உள்ளிருப்பது மட்டும் வேறு. பெயரை மாத்திரம் கேட்டு வாங்கிக் கொடுத்த தந்தை எதனை அறிந்திருப்பார்?

1993 டிசெம்பர் 9 ஆம் திகதி, ஜோசப் லீபர்மன், ஹேர்ப் கோல் என்னும் செனற் சபை உறுப்பினர் இருவரின் முயற்சியால் இவ்விடயம் அமெரிக்கச் செனற் சபையிலே பகிரங்கமாக விசாரிக்கப்பட்டது. அரசாங்கம் சட்டம் இயற்றுமுன் தாமே ஓர் ஒழுங்கு செய்துகொள்வது நன்றென விளையாட்டுக் கம்பனிகள் கருதின. அவ்வாறு 1994 இல் தோன்றியதே ஈ.எஸ்.ஆர்.பி. என்னும் தரப்படுத்தும் சபை. அதே ஆண்டில் ஜேர்மனியில் யூ.எஸ்.கே. என்னும் அமைப்பும், 2002 இல் யப்பானில் செரோ என்னும் அமைப்பும் தோன்றின. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவாக, 2003 இல் "பெகி" என்னும் முறை நடைமுறைக்கு வந்தது.

தொலைபேசி விளையாட்டுக்கள் ஈசல் போலப் பெருகிய பின்னர், ஒவ்வொன்றையும் ஒருவர் இருந்து பார்த்தல் இயலாதாயிற்று. எனவே இவ்வமைப்புகள் பல ஒன்றுகூடி, 2013 இல் ஐ.ஏ.ஆர்.சி. என்னும் கூட்டமைப்பை உண்டாக்கின. விளையாட்டை ஆக்கியவர் கேள்விக்கொத்து ஒன்றுக்கு விடையளிக்க, அவ்விடைகளிலிருந்து எண் கணிக்கப்படுகின்றது. கூகிளின் கடை 2015 இல் இம்முறையை ஏற்றுக்கொண்டது. நம் வீட்டுத் தொலைபேசியில் அக்கடையைத் திறந்தால் காணப்படும் எண் இவ்வழி வந்ததே.

எண் கூறுவதும் கூறாததும்

இனி, அவ்வெண் எதனைக் கூறுகின்றது என்பதை நோக்குவோம். பெகியின் முறைப்படி, 3 என்னும் எண் பெற்ற விளையாட்டிலே பிள்ளையை அச்சுறுத்தக்க காட்சியோ ஒலியோ இருத்தல் ஆகாது. சிறு பிள்ளைக்கு அச்சம் தரக்கூடிய காட்சி இருப்பின் அது 7 ஆகும். மனிதரைப் போன்ற உருவங்கள் மீது, உண்மையை ஒவ்வாத வகையில், அடிதடி காட்டப்படின் 12. அந்த அடிதடி நிஜ வாழ்வில் நிகழ்வது போலவே தோன்றின் 16. கொடூரமான கொலையும், தற்காக்க இயலாதவரைக் கொல்லுதலும் காட்டப்படின் 18. எண்ணின் அருகே சிறு படங்களும் உண்டு. முட்டி பிடித்த கை வன்செயலைக் குறிக்கும். சிலந்தி அச்சத்தைக் குறிக்கும். தாயக்காய் சூதாட்டத்தைக் குறிக்கும். இவற்றைப் படிக்கத் தெரிந்த தாய்க்கு, விளையாட்டைத் திறக்குமுன்னரே பாதி விடயம் தெரிந்துவிடும்.

ஆயின், எண்ணை வேதவாக்காகக் கொள்ளுதல் கூடாது. "மைன்கிராப்ட்" என்னும் கட்டட விளையாட்டுக்கு ஐரோப்பாவில் 7 வயது. அமெரிக்காவிலோ 10 வயது. நம் மாணவர் நன்கறிந்த "பப்ஜி" என்னும் துப்பாக்கி விளையாட்டுக்கு ஐரோப்பாவில் 16, அமெரிக்காவில் 13. ஒரே விளையாட்டுக்கு இரு சபைகள் இரு வயதுகளைக் கூறுகின்றன எனின், வயது என்பது அளவுகோலால் அளந்து எடுத்தது அன்று, கூடியிருந்து கருதிச் சொன்னது என்பது புலனாகும்.

அன்றியும், தரப்படுத்துவோர் விளையாட்டு முழுவதையும் ஆடிப் பார்ப்பதில்லை. கம்பனி நிரப்பித் தரும் படிவத்தையும், அது தெரிந்தெடுத்து அனுப்பும் காட்சிப் பதிவையும் பெரிதும் நம்பியே ஈ.எஸ்.ஆர்.பி. தீர்ப்புக் கூறுகின்றது. 2004 இல் வெளிவந்த "கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ: சான் அன்ட்ரேயஸ்" என்னும் விளையாட்டிலே, ஆபாசக் காட்சி ஒன்று நீக்கப்படாமல் உள்ளே மறைந்து கிடந்தது. ஆடுவோர் அதனைக் கண்டுபிடித்து வெளிப்படுத்திய பின்னரே, 2005 ஜூலையில், 17 வயதுக்குரியதாயிருந்த அவ்விளையாட்டு 18 வயதினர்க்கு மாத்திரம் உரியது என மாற்றப்பட்டது. கடைகள் அதனைத் தட்டுகளிலிருந்து அகற்றின. ஆனால் அதற்குமுன் வாங்கப்பட்டவை வீடுகளுக்குள் இருந்தன.

அண்மையில் நிகழ்ந்த மற்றொரு வழக்கும் இங்கே கூறத்தக்கது. "பலாட்ரோ" என்பது 2024 இல் வெளிவந்த கடுதாசி விளையாட்டு. கனடாவைச் சேர்ந்த ஒருவர் தனித்து இயற்றியது. அதிலே பணம் வைத்து ஆடுதல் இல்லை. எனினும் போக்கர் என்னும் சூதாட்டத்தின் சீட்டு வரிசைகளைக் கற்பிக்கின்றது என்று கூறிப் பெகி அதற்கு 18 என்னும் எண்ணை வழங்கியது. அதே காலத்தில், உண்மைப் பணம் கொடுத்து, உள்ளே எந்த வீரர் இருப்பார் என்று அறியாமலே பொதிகளை வாங்கச் செய்யும் உதைபந்தாட்ட விளையாட்டு ஒன்று 3 என்னும் எண்ணோடு விற்பனையாகிக்கொண்டிருந்தது. மேன்முறையீட்டின் பின்னர், 2025 பெப்ரவரியில், பலாட்ரோவின் எண் 12 ஆகக் குறைக்கப்பட்டது. எண்ணை மட்டும் பார்த்த பெற்றோர், பணம் பறிக்காததைத் தடுத்துப் பணம் கேட்பதை அனுமதித்திருப்பர் அன்றோ?

ஆகவே எண் என்பது வாயிற்காவலன் போன்றது. வருபவனின் தோற்றத்தைக் கண்டு சொல்வான். வந்தவன் உள்ளே என்ன செய்வான் என்பதை வீட்டுக்காரர்தாம் பார்த்தல் வேண்டும். அவ்வாறு பார்க்க வேண்டியவை, எமது கருத்திலே, முக்கியமாக மூன்று: பணம், பேச்சு, நேரம்.

பணம் கேட்கின்றதா?

முன்னாளில் விளையாட்டை ஒருமுறை விலை கொடுத்து வாங்கினால் அதனோடு கொடுக்கல் வாங்கல் முடிந்தது. இன்று பிள்ளைகள் விரும்பும் விளையாட்டுக்களிற் பல இலவசமாகவே கிடைக்கின்றன. இலவசமாகத் தருபவன் எங்ஙனம் பிழைக்கின்றான் என்பதே பெற்றோர் கேட்க வேண்டிய முதற் கேள்வி.

உள்ளே உடைகளும், துப்பாக்கிக்குப் பூசும் வர்ணங்களும், நடனங்களும் விற்கப்படுகின்றன. அவற்றின் விலை ரூபாயிலோ டொலரிலோ கூறப்படுவதில்லை. "ஃப்ரீ ஃபயர்" விளையாட்டிலே வைரங்கள். "ரொப்லொக்ஸ்" இலே ரோபக்ஸ். "ஃபோட்னைட்" இலே வீ-பக்ஸ். தந்தையின் பணத்தை முதலில் வைரமாக மாற்றிவிட்டால், பின்னர் செலவழிவது பணம் என்னும் உணர்வே பிள்ளைக்கு அற்றுப்போகின்றது. 60 வைரம் எத்தனை ரூபாய் என்று உங்கள் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். உடனே விடை கூறுமாயின் நன்று. கூறாதாயின், கணக்குப் பாடத்தை அவ்விடத்திலிருந்தே தொடங்கலாம்.

இவற்றினும் ஆபத்தானது, உள்ளிருப்பது இன்னதென அறியாமல் வாங்கும் பரிசுப் பெட்டி. திறந்தால் அரிய பொருளும் கிடைக்கலாம். ஒன்றுக்கும் உதவாததும் கிடைக்கலாம். கோயில் திருவிழாவிலே சுழல் தட்டில் காசு வைத்து ஏமாந்தவர்க்கு இதன் இயல்பை விளக்க வேண்டியதில்லை. 2018 இல் பெல்ஜிய நாடு, சில விளையாட்டுக்களில் உள்ள இத்தகைய பெட்டிகள் சூதாட்டமே எனத் தீர்மானித்தது. அவுஸ்திரேலியாவிலே 2024 செப்டெம்பர் 22 ஆம் திகதி முதல், பணம் கொடுத்து இத்தகைய பெட்டிகளை வாங்கக்கூடிய புதிய விளையாட்டுக்கள், 15 வயதுக்குட்பட்டோர்க்கு உகந்தவையல்ல என்னும் தரத்திலும் குறையாத தரத்தைப் பெறல் வேண்டும் என விதிக்கப்பட்டது. 2025 ஜனவரியில், "கென்ஷின் இம்பாக்ட்" என்னும் விளையாட்டை வெளியிடும் கம்பனி, அமெரிக்கச் சமஷ்டி வர்த்தக ஆணைக்குழுவின் வழக்கைத் தீர்த்துக்கொள்ளும்பொருட்டு 20 மில்லியன் டொலர் செலுத்தவும், 16 வயதுக்குட்பட்டோர்க்குப் பெற்றோரின் சம்மதமின்றி அப்பெட்டிகளை விற்காதிருக்கவும் இணங்கியது.

நம் வீட்டிற் செய்யத்தக்கது எளிது. விளையாட்டைத் தரவிறக்குமுன், அதன் பெயரின் கீழே, உள்ளே வாங்கும் பொருள்கள் உண்டு என்னும் குறிப்பு இருக்கின்றதா எனப் பாருங்கள். ஒவ்வொரு கொள்வனவுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி தொலைபேசியை ஒழுங்கு செய்யுங்கள். அக்கடவுச்சொல்லைப் பிள்ளையிடம் கூறாதீர்கள். வங்கி அட்டையின் இலக்கத்தைப் பிள்ளை ஆடும் தொலைபேசியிலே பதிந்து வையாதீர்கள்.

யாருடன் பேசுகின்றது?

இரண்டாவது, பேச்சு. இணையத்தின் வழி ஆடும் விளையாட்டிலே எதிரில் இருப்பவர் பத்து வயதுச் சிறுவனாகவும் இருக்கலாம். நாற்பது வயது மனிதராகவும் இருக்கலாம். அவர்கள் பேசுவதைத் தரப்படுத்தும் சபை கேட்கவும் இயலாது, தரப்படுத்தவும் இயலாது. இணைய வழி உரையாடல் தமது தீர்ப்புக்கு உட்பட்டதன்று என்று ஈ.எஸ்.ஆர்.பி. வெளிப்படையாகவே கூறியுள்ளது. எனவே பன்னிரண்டு வயதுக்குரிய விளையாட்டிலே பன்னிரண்டு வயதுக்கு ஒவ்வாத வசைமொழி காதில் விழுதல் வியப்பன்று.

ஃபோட்னைட் விளையாட்டை வெளியிடும் எபிக் கம்பனியின் மீது அமெரிக்க ஆணைக்குழு சாட்டிய குற்றங்களுள் ஒன்று, சிறுவர் ஆடும்போது அறிமுகமற்றோருடன் பேசும் வசதி ஆரம்பத்திலேயே திறந்து வைக்கப்பட்டிருந்தது என்பதாகும். ஆடுவோரைத் தாம் விரும்பாத பொருள்களை வாங்க நேரும்படி பொத்தான்கள் அமைக்கப்பட்டிருந்தன என்பது மற்றொன்று. 2022 டிசெம்பரில் அக்கம்பனி மொத்தம் 520 மில்லியன் டொலர் செலுத்த உடன்பட்டது. அதில் 275 மில்லியன் சிறுவரின் அந்தரங்கத்தைக் காக்கும் சட்டத்தை மீறியமைக்கான தண்டம். 245 மில்லியன் வாங்கினோர்க்குத் திருப்பிக் கொடுப்பதற்கு.

ரொப்லொக்ஸ் பற்றித் தனியாக ஒரு சொல் கூறுதல் அவசியம். அதனை ஒரு விளையாட்டு என்று பெற்றோர் எண்ணுகின்றனர். அது விளையாட்டன்று, சந்தை. 2006 இல் தொடங்கிய அச்சந்தையிலே, ஆடுவோர் தாமே ஆக்கி வைத்த விளையாட்டுக்கள் மில்லியன் கணக்கில் உள்ளன. ஒரு பிள்ளை அங்கே பூனை வளர்க்கின்றது. மற்றொரு பிள்ளை வேறு மூலையில் எதனைப் பார்க்கின்றதோ யாமறியோம். 2024 ஆகஸ்டில் துருக்கி நாடு அதனைத் தடை செய்தது. அதே ஆண்டு நவம்பரில் அக்கம்பனி தானே, 13 வயதுக்குட்பட்டோர்க்குத் தனிப்பட்ட செய்தி அனுப்புதலைக் கட்டுப்படுத்தும் புதிய விதிகளை வெளியிட்டது. "சந்தைக்குப் போகலாமா?" என்று கேட்கும் பிள்ளையிடம், "எந்தக் கடைக்கு?" என்று கேட்கின்றோம். அக்கேள்வியை இங்கும் கேட்டல் வேண்டும்.

மைன்கிராப்ட் விளையாட்டை வீட்டிலே தனியாகவோ உடன்பிறந்தாருடனோ ஆடுதல் மணல் வீடு கட்டுதலை ஒக்கும். அதனையே அறிமுகமற்றோர் கூடும் தளத்திலே ஆடுதல் வேறு காரியம். விளையாட்டு ஒன்றுதான், கூட்டம் வேறு. பேசும் வசதியை அடைத்துவிட்டு ஆட இயலுமா என்பதைப் பெற்றோர் முதலிலேயே பார்த்துக்கொள்ளல் நலம்.

நிறுத்த விடுகின்றதா?

மூன்றாவது, நேரம். இங்கே எம் பெற்றோர்க்கும் பிள்ளைகட்கும் நாள்தோறும் நிகழும் போர் ஒன்றுக்குக் காரணத்தைக் கூற விரும்புகின்றோம். தாய் சோறு பரிமாறிவிட்டு அழைக்கின்றாள். "இதோ வருகின்றேன்" என்று மகன் கூறுகின்றான், வருவதில்லை. கீழ்ப்படியாமை என்று தாய் கருதுகின்றாள். பப்ஜி விளையாட்டிலே நூறு பேர் ஒரு நிலப்பரப்பில் இறங்குகின்றனர்; கடைசியாக எஞ்சுபவரே வெற்றியாளர். ஓர் ஆட்டம் முடிய அரை மணி நேரம் வரை செல்லும். இடையிலே நிறுத்தி வைத்தல் இயலாது. எழுந்து சென்றால் அவன் தோற்பதோடு, கூட ஆடும் நண்பர்களும் கைவிடப்படுகின்றனர். அவனுடைய மனத்திலே அது நட்புக்குச் செய்யும் துரோகம்.

ஆகவே, "எட்டு மணிக்கு மூடு" என்பதிலும், "எட்டு மணிக்குப் பின் புதிய ஆட்டம் தொடங்காதே" என்பது நியாயமான விதி. பிள்ளையும் அதற்கு இணங்கும். விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடங்கக்கூடிய விளையாட்டுக்கள் சிறு பிள்ளைகட்கு மிகவும் ஏற்றவை. நாள்தோறும் வந்து முகங்காட்டினால் பரிசு, வாராவிடின் இழப்பு என்று விதித்திருக்கும் விளையாட்டு எதுவாயினும், அதன் அட்டையில் எந்த எண் இருப்பினும், அதனை ஐயத்தோடு நோக்குதல் வேண்டும். அது விளையாட அழைப்பதன்று. வேலைக்கு வரச் சொல்வது.

நேரத்தைச் சட்டத்தால் அளக்க முயன்ற நாடுகளும் உண்டு. தென்கொரியா 2011 இல், 16 வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டு ஆடலாகாது என விதித்தது; பத்தாண்டின் பின்னர் அதனைக் கைவிட்டது. சீனா 2021 இல், 18 வயதுக்குட்பட்டோர் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களில் இரவு 8 முதல் 9 மணி வரையே ஆடலாம் என்றது.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலே, 2022 ஜனவரி முதல், விளையாட்டினால் உண்டாகும் கோளாறு ஒன்று இடம்பெற்றுள்ளது. இதனைக் கேட்டுப் பெற்றோர் அஞ்சற்க. அதிக நேரம் ஆடுவோரெல்லாம் நோயாளர் அல்லர். ஆடுவதைத் தன்னாற் கட்டுப்படுத்த இயலாமை, மற்றெல்லாவற்றிலும் அதனையே முதன்மையாகக் கொள்ளுதல், தீமை விளைவதைக் கண்ட பின்னும் தொடர்தல் என்னும் மூன்றும், பொதுவாக ஓராண்டு வரை நீடித்தாலன்றி வைத்தியர் அதனை நோயென்று கூறார். தவணைப் பரீட்சை முடிந்த வாரத்தில் மூன்று நாள் ஆடிய பிள்ளையை நோயாளி என்றல் தகாது.

எந்த வீடு, எந்தப் பிள்ளை?

துப்பாக்கி விளையாட்டு ஆடுவோர் துப்பாக்கி எடுப்பாரோ என்னும் அச்சம் பலரிடம் உண்டு. அமெரிக்க உளவியல் சங்கம் 2020 இல் வெளியிட்ட தீர்மானம், இவ்விளையாட்டுக்களுக்கும் கத்துதல், தள்ளுதல் போன்ற முரட்டுச் செயல்களுக்கும் சிறிய தொடர்பு உண்டு எனவும், கொடிய வன்செயலுக்கு இவையே காரணம் என்று கூறப் போதிய சான்று இல்லை எனவும் தெளிவாக்கியது. ஆகவே பெரும் பீதிக்கு இடமில்லை. எனினும் தம்பியைத் தள்ளிவிடுவதும் வீட்டுக்குச் சிறு விடயமன்று. அதனைத் தாய் கவனித்தல் தகும்.

ஆயின், ஆராய்ச்சியாளர் அளக்காத ஒன்று உண்டு. நம் வீடுகள் பலவற்றிலே, 2009 வரை நீடித்த போரைக் கண்ணாற் கண்டவர் இன்னும் வாழ்கின்றனர். பேரனின் தொலைபேசியிலிருந்து எழும் வெடியொலி அவனுக்கு வேடிக்கை; அடுத்த அறையில் இருக்கும் அப்பம்மாவுக்கு அது வேடிக்கையன்று. எந்தச் சபையின் எண்ணும் இதனை அறியாது. அவ்வீட்டிலே அவ்விளையாட்டு தகாதது என்பதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை. பதினாறு வயது மகனுக்கு இதனைத் தடையாகக் கூறாமல் காரணத்தோடு எடுத்துக் கூறின், அவன் விளங்கிக்கொள்வான். ஒருவேளை, அப்பம்மாவின் கதையை முதன்முறையாகக் கேட்பதற்கு அதுவே வாயிலாகவும் அமையலாம்.

போரைப் பற்றிய விளையாட்டெல்லாம் இழிந்தவை எனவும் கொள்ளற்க. 2014 இல் போலந்து நாட்டார் ஆக்கிய "திஸ் வோர் ஒஃப் மைன்" என்னும் விளையாட்டிலே ஆடுபவர் போர்வீரர் அல்லர். முற்றுகையிடப்பட்ட நகரில் உணவும் மருந்தும் தேடி அலையும் குடிமக்கள். 1992 முதல் 1996 வரை நிகழ்ந்த சரயேவோ நகர முற்றுகையை நினைவிற்கொண்டு அது இயற்றப்பட்டது. வயது முதிர்ந்தோர்க்குரியது எனத் தரம் பெற்ற அதனை, 2020 இல் போலந்து அரசாங்கம் உயர்வகுப்பு மாணவர்க்கு விதந்துரைக்கும் பட்டியலிலே சேர்ப்பதாக அறிவித்தது. உயர்ந்த எண் பெற்றது இழிந்தது என்றோ, தாழ்ந்த எண் பெற்றது சிறந்தது என்றோ முடிவு செய்தல் ஆகாது. எண் வயதைச் சொல்லும், மதிப்பைச் சொல்லாது.

பிள்ளையையும் நோக்குதல் வேண்டும். ஒரே வயிற்றிற் பிறந்த இருவருள் ஒருவன் பேய்க்கதை கேட்டுச் சிரிப்பான். மற்றவன் மூன்று நாள் தனித்துறங்கான். ஒருத்தி தோற்றால் தோளைக் குலுக்கிவிட்டு எழுவாள். மற்றவள் அழுது சாப்பாட்டை வெறுப்பாள். பத்து வயதென்பது இருவர்க்கும் பொது, மனம் பொதுவன்று.

செய்யத்தக்கவை

முதலாவது, விளையாட்டின் பெயரை முழுமையாகக் கேட்டறியுங்கள். நண்பனிடமிருந்து பிரதி செய்து வரும் விளையாட்டுக்குப் பெட்டியும் இல்லை, அட்டையும் இல்லை. எனினும் அதன் பெயரைக் கொண்டு பெகி, ஈ.எஸ்.ஆர்.பி. ஆகியவற்றின் இணையத்தளங்களிலே எண்ணையும் காரணத்தையும் பார்க்கலாம். பலர் ஆடும் காட்சிகளை யூடியூபிலே பத்து நிமிடம் பார்த்தலும் பயன் தரும்.

இரண்டாவது, நம் நாட்டிலே தாயின் தொலைபேசியிற் பிள்ளை ஆடுதலே பெருவழக்கு. அத்தொலைபேசி தன்னை ஏந்தியிருப்பவர் நாற்பது வயதுத் தாய் என்றே எண்ணிக்கொண்டிருக்கும். ஆகவே எதனையும் மறைக்காது. பிள்ளையின் உண்மையான வயதைக் கொடுத்துத் தனிக்கணக்கு அமைத்தலும், கடையிலே வயது வரம்பு விதித்தலும் ஒரு மாலைப்பொழுதில் முடியும் வேலை. தெரியாதாயின் தெரிந்த மருமகனையோ பெறாமகளையோ கேட்டுச் செய்வித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, யாவற்றினும் சிறந்தது: அரை மணி நேரம் அருகில் அமருங்கள். "எனக்கும் சொல்லித்தா, தம்பி" என்று கேளுங்கள். நீங்கள் மூன்று முறை தோற்பீர்கள். பிள்ளை மகிழ்ந்து சிரிக்கும். அந்த அரை மணியிலே எண் கூறாத யாவும் உங்களுக்குத் தெரிந்துவிடும். யார் பேசுகின்றனர், எதனை வாங்கச் சொல்கின்றது, எப்போது நிற்கின்றது, ஆடும்போது உங்கள் பிள்ளையின் முகம் எவ்வாறு மாறுகின்றது என்பன எல்லாம் கண்முன்னே நிற்கும். பின்னர் "வேண்டாம்" என்று நீங்கள் கூறினும், பாராமற் கூறியது அன்று என்பதைப் பிள்ளை அறியும். பாராமல் விதித்த தடையோ, பிள்ளைக்கு மறைவாக ஆடக் கற்பிக்கும். மறைவாக ஆடும் பிள்ளை, அங்கே ஒரு தீயவனைச் சந்தித்தாலும் வீட்டில் வந்து சொல்லாது. அதுவே எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து.

இதனைப் படிக்கும் மாணவர்கட்கும் ஒரு வார்த்தை. தாய் தந்தையர் உங்களை எந்நேரமும் காவல் காத்தல் இயலாது. சில ஆண்டுகளில் அவர்கள் காக்க வேண்டியதும் இராது. ஆகவே உங்களுக்கு நீங்களே தரம் வகுத்துக்கொள்ளப் பழகுங்கள். அதற்குப் படிவமும் சபையும் வேண்டியதில்லை. ஆடி முடித்த பின் மனம் தெளிந்திருக்கின்றதா, எரிச்சலுற்றிருக்கின்றதா என்று பாருங்கள். விளையாட்டு கேட்ட பணத்தை வீட்டில் வெளிப்படையாகக் கேட்க உங்களால் இயலுமா என்று எண்ணுங்கள். அம்மா அறைக்குள் வரும் காலடியோசை கேட்டதும் எந்த விளையாட்டை நீங்கள் அவசரமாக மூடுகின்றீர்களோ, அதற்குரிய எண்ணை நீங்களே அறிவீர்கள்.